துணிந்த மீனா, தொலைந்த தடமா? காணொளி வழியே மீன்களின் ஆளுமையை அளக்கையில் எழும் பிழைகளும் அவற்றை நீக்கும் வழிமுறையும்

மேலே ஒரு கேமரா, கீழே ஆழமில்லாத வெள்ளைத் தொட்டி, பக்கத்தில் ஒரு கணினி என்ற அமைப்பை ஏற்கெனவே நிறுவி, வரிக்குதிரை மீனையோ கப்பியையோ படம்பிடித்து, மென்பொருள் தந்த எண்களைக் கண்டு ‘இது இப்படி இருக்க முடியாதே’ என்று தயங்கி நிற்பவர்களுக்காக இந்த வழிமுறை எழுதப்படுகிறது. விலங்கின் ஆளுமை என்று இத்துறையில் சொல்லப்படுவது, ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு உயிர்கள் ஒரே சூழலில் வெவ்வேறாக நடந்துகொள்வதும், அந்த வேறுபாடு நாள்கள் கடந்தும் சூழல் மாறியும் நிலைத்திருப்பதும் ஆகும். 2007இல் ரியால் குழுவினர் வகுத்தளித்த துணிச்சல், புதிய இடத்தைத் துழாவும் நாட்டம், சுறுசுறுப்பு, மூர்க்கம், கூடிவாழும் நாட்டம் என்ற ஐந்து அச்சுகளையே பெரும்பாலான ஆய்வகங்கள் இன்றும் அளக்கின்றன.

காணொளித் தடங்காணலில், அதாவது ஒவ்வொரு பிரேமிலும் மீன் இருக்கும் இடத்தை மென்பொருள் குறித்துச் செல்லும் வேலையில், பிழைகள் எல்லா மீன்களுக்கும் சமமாக நேர்வதில்லை என்பதை மட்டும் தொடக்கத்திலேயே மனத்தில் கொள்ள வேண்டும். கூச்ச மீன் சுவரோரம் ஒண்டுகிறது, உறைந்து நிற்கிறது, நிழலில் பதுங்குகிறது; மென்பொருள் தடுமாறுவதும் சுவரோரத்திலும் அசைவின்மையிலும் நிழலிலும்தான். ஆகவே கருவியின் பிழை ஒருபக்கமாகச் சாய்ந்து, பார்ப்பதற்கு அசல் ஆளுமைப் பண்பைப் போலவே தோற்றமளிக்கும். இதனால் அறிகுறிகளைத் தனித்தனியாக ஆராயும் முன், ஒவ்வொரு காணொளியிலும் மீன் அகப்படாத பிரேம்களின் விழுக்காட்டைக் கணக்கிட்டு, அதை அந்த மீனின் சராசரி வேகத்துக்கு எதிராக ஒரு புள்ளி வரைபடமாக இட்டுப் பாருங்கள். புள்ளிகள் சிதறிக் கிடந்தால் பிழை பொதுவானது. மெதுவான மீன்களிடத்தில் விழுக்காடு ஏறிச் சென்றால், கீழுள்ள முதல் இரண்டு அறிகுறிகளில் ஒன்றே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அறிகுறி: கண்ணுக்கு மீன் தெரிகிறது, தடத்தில் அது மறைந்துபோகிறது

மீன் நகரும்போது தடம் சீராக இருந்து, அது நின்ற சில வினாடிகளில் தடம் அறுந்துபோனால், குற்றம், படத்திலிருந்து வெறும் தொட்டியின் தோற்றத்தை நீக்கி மீனை மட்டும் பிரித்தெடுக்கும் ‘பின்னணி கழிக்கும்’ முறையில் இருக்கிறது. தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் பின்னணி மாதிரிகள், நெடுநேரம் அசையாத எதையும் தொட்டியின் ஒரு பகுதியாகவே கருதி விழுங்கிவிடும். ஓப்பன்சிவி என்ற படப்பகுப்பு நிரல்தொகுப்பில் உள்ள எம்ஓஜி2 என்னும் இத்தகைய முறை இயல்பமைப்பில் 500 பிரேம்களை நினைவில் கொள்கிறது. வினாடிக்கு 25 பிரேம் என்றால் அது 20 வினாடிக்கான நினைவுதான். அச்சமுற்ற வரிக்குதிரை மீன் அதைவிட நீண்ட நேரம் அடித்தளத்தில் உறைந்து கிடப்பது மிகச் சாதாரணம் என்பதால், துணிச்சல் சோதனையில் நாம் எதைத் தேடுகிறோமோ அதையே இந்த முறை அழித்துவிடுகிறது. அந்த இடைவெளிகளை மென்பொருள் ‘தரவு இல்லை’ என்று கழித்துவிட்டு மீதி நேரத்துக்கு மட்டும் சராசரி வேகம் கணக்கிட்டால், தொட்டியிலேயே மிகக் கூச்சமான மீன் நடுத்தரச் சுறுசுறுப்புள்ளதாகப் பட்டியலில் ஏறிவிடும்.

இதற்குத் தீர்வு, பின்னணியை மாறாததாக வைத்துக்கொள்வது. மீனை விடுவதற்கு முன், அதே விளக்கிலும் அதே நீர்மட்டத்திலும் வெறும் தொட்டியை ஒரு நிமிடம் படம்பிடித்து அதையே பின்னணியாகக் கொடுக்கலாம். அப்படி எடுக்கத் தவறியிருந்தால், முழுக் காணொளியிலிருந்தும் சிதறலாகத் தேர்ந்த சில நூறு பிரேம்களின் இடைநிலை மதிப்பை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பை) பின்னணியாக்கலாம். பாதி நேரத்துக்கு மேல் மீன் ஒரே இடத்தில் நின்றிருந்தால் இரண்டாவது வழியும் ஏமாற்றிவிடும். மீனின் உருவமே பின்னணியில் பதிந்து, மீன் நகர்ந்த பிறகும் அந்த இடத்தில் ஒரு பேய்மீன் நின்றுகொண்டிருக்கும். அத்தகைய காணொளிகளுக்கு, அதே தொட்டியில் வேறொரு மீனைச் சோதித்த காணொளியிலிருந்து பின்னணியைக் கடன் வாங்குவது நடைமுறையில் நன்றாகவே வேலை செய்கிறது. கேமரா ஒரு மில்லிமீட்டர்கூட அசைந்திருக்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

நின்ற மீன் மட்டுமன்றி நகரும் மீனும் விட்டுவிட்டுத் தொலைந்தால், உருவத்துக்கும் தரைக்கும் இடையே போதிய வேறுபாடு இல்லை என்று பொருள். தொட்டியின் அடியில் வெண்ணிற அக்ரிலிக் தகட்டை வைத்து, அதற்கும் கீழே 850 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்இடி பலகையைப் பொருத்தினால், மீன் வெளிர் தரையில் கருநிழலாகத் தெளிவாகத் தெரியும். அந்த ஒளி மீன்களின் பார்வைக்குப் பெரும்பாலும் எட்டாது என்பதால் அவற்றின் நடத்தையையும் அது தொந்தரவு செய்வதில்லை. ஆனால் கைபேசிகளிலும் பெரும்பாலான வெப்கேம்களிலும் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி உள்ளே இருக்கும். அது இல்லாத ராஸ்பெர்ரி பை நோஐஆர் போன்ற கேமரா தேவை. தண்ணீர் அகச்சிவப்பை உறிஞ்சக்கூடியது என்பதால் ஐந்தாறு சென்டிமீட்டர் ஆழத்துக்கு இது எளிதாக அமையும். ஆழம் கூடக்கூட விளக்கின் வலுவையும் கூட்ட வேண்டும்.

அறிகுறி: தொட்டியில் ஒரு மீன், தடத்தில் இரண்டு

சுவரை மீன் நெருங்கும்போதெல்லாம் இரண்டாவது புள்ளி முளைக்குமானால் அது கண்ணாடியில் விழும் பிம்பம். மென்பொருள் சில பிரேம்களில் மீனையும் சில பிரேம்களில் பிம்பத்தையும் பற்றிக்கொள்வதால், மீன் சுவரின் இருபுறமும் தாவித் தாவிச் செல்வதுபோல ஒரு தடம் உருவாகி, வேகக் கணக்கு ஏறிவிடும். சுவரோரம் ஒட்டிச் செல்வது கூச்சத்தின் அடையாளம். ஆக, கூச்ச மீனுக்கு இங்கே இல்லாத சுறுசுறுப்பு கிடைக்கிறது. பளபளப்பற்ற வெண்ணிறத் தகட்டைச் சுவரின் உட்புறமாகப் பொருத்துங்கள். வெளிப்புறம் காகிதம் ஒட்டுவதால் பயனில்லை.  கேமரா தொட்டியின் நடுப்புள்ளிக்கு நேர்மேலே இருக்கிறதா என்பதையும் தூக்குக்குண்டு கட்டிப் பாருங்கள். சற்றே விலகியிருந்தாலும், ஒரு பக்கச் சுவர் தன்னருகே ஒண்டும் மீனை மறைத்துவிடும்.

பக்கவாட்டிலிருந்து படம்பிடிக்கும் புதுத்தொட்டிச் சோதனையில் இதே பிழை எதிர்த்திசையில் சாய்கிறது என்பது கவனிக்கத்தக்கது. புதிய தொட்டியில் விடப்பட்ட வரிக்குதிரை மீன் முதலில் அடியாழத்துக்கு இறங்கி, பிறகு மெல்ல மேலேறும். விரைவில் மேலேறுவதே துணிச்சலின் அளவு. மேலேறிய மீனின் உருவம் நீர்ப்பரப்பின் அடிப்பக்கத்தில் கண்ணாடிபோல் பிரதிபலித்து, நீர்மட்டத்துக்கு மேலே தலைகீழாக இன்னொரு மீனைக் காட்டும். எனவே இங்கே கெட்டுப்போவது துணிச்சலான மீனின் தரவு. நீர்மட்டக் கோட்டுக்கு மேலுள்ள பகுதியை முழுவதுமாக மறைத்துவிட்டுத் தடங்காண்பதே போதுமானது.

அறிகுறி: அசையாமல் கிடந்த மீன் பல மீட்டர் நீந்தியதாகக் கணக்கு

அசையாத மீனின் மையப்புள்ளியும் பிரேமுக்குப் பிரேம் சிறிது நடுங்கிக்கொண்டே இருக்கும். அந்த நடுக்கம் சராசரியாக அரை மில்லிமீட்டர் என்று கொண்டால், வினாடிக்கு 25 பிரேம் வீதம் 10 நிமிடத்தில் அது 7.5 மீட்டர் தூரமாகச் சேர்ந்துவிடும். இடமும் வலமுமாகச் செல்லும் நடுக்கங்கள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளாமல், தூரம் எப்போதும் நேர்மதிப்பு என்பதால், ஒவ்வொன்றும் கூடிக்கொண்டே போவதுதான் காரணம். துள்ளித் திரியும் மீனின் கணக்கில் இந்த 7.5 மீட்டர் பெரிதாகத் தெரியாது. உறைந்து கிடந்த மீனுக்கோ அதுவே முழுக் கணக்காகி, இரண்டுக்கும் இடையே உள்ள உண்மையான இடைவெளியைச் சுருக்கிவிடும்.

முதலில் உங்கள் கருவியின் நடுக்கத்தை அளந்துகொள்ளுங்கள். மீனின் அளவும் நிறமும் கொண்ட ஒரு ரப்பர் உருவத்தை நீருக்கடியில் நிறுத்தி ஐந்து நிமிடம் படம்பிடித்தால், கிடைக்கும் ‘வேகம்’ முழுக்க முழுக்கக் கருவியுடையது. அந்த மதிப்புக்குச் சற்று மேலே ஒரு குறைந்தபட்ச வேக வரம்பை வைத்து, அதற்குக் கீழுள்ளவற்றை அசைவின்மை என்று கொள்ளலாம். அல்லது அடுத்தடுத்த சில பிரேம்களை ஒரு ‘சாளரமாக’ எடுத்து நடுக்கத்தைத் தணிக்கும் சவிட்ஸ்கி-கோலே போன்ற சமன்படுத்தலைத் தடத்துக்கு முதலில் செய்துவிட்டுப் பிறகு தூரம் கணக்கிடலாம். நான் இரண்டையும் சேர்த்தே செய்வேன். சமன்படுத்தும் சாளரத்தை மிக அகலமாக்கினால் மீனின் திடீர்ப் பாய்ச்சல்கள் மழுங்கிவிடும். பயந்த மீனின் பாய்ச்சல் ஒரு வினாடியின் சிறு பகுதியில் முடிந்துவிடுவதால், மூர்க்கத்தையோ அச்சத்தையோ அளப்பவர்கள் சாளரத்தைக் குறுகலாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

அறிகுறி: ஒரு குறிப்பிட்ட நாளில் எடுத்த மீன்கள் மட்டும் அதிவேகமாக நீந்துகின்றன

ஒரு நாள் முழுதும் எடுத்த காணொளிகளில் வேகம் ஒட்டுமொத்தமாக ஏறியோ இறங்கியோ இருந்தால், மீனைச் சந்தேகிக்கும் முன் பிரேம் வீதத்தைச் சந்தேகியுங்கள். கைபேசிக் கேமராக்கள் வெளிச்சம் குறையும்போது வினாடிக்கு 30 பிரேம் என்பதிலிருந்து தாமாகவே இறங்கிவிடும். பல தடங்காண் நிரல்கள் கோப்பின் தலைப்பில் உள்ள வீதத்தை அப்படியே நம்புவதால், 15 பிரேமில் பதிவான பகுதியில் மீனின் வேகம் இரட்டிப்பாகக் காட்டப்படும். தொட்டியின் ஓரத்தில் ஓடும் கடிகாரம் ஒன்றைக் காட்சிக்குள் வைத்துப் படம்பிடிப்பதே மலிவான பரிசோதனை; கடிகாரத்தில் 10 நிமிடம் ஓடி, மென்பொருள் 8 நிமிடம் என்று சொன்னால் வழக்கு முடிந்தது. எஃப்எஃப்எம்பெக் என்ற காணொளி மாற்று மென்பொருள் கொண்டு காணொளியை நிலையான பிரேம் வீதத்துக்கு மாற்றிக்கொண்டு மறுபடி தடங்காணுங்கள். அடுத்த முறை கேமராவின் வெளிச்ச அமைப்பையும் குவியத்தையும் கையால் பூட்டிவிட்டுப் பதிவுசெய்யுங்கள்.

வாட்ஸ்அப் வழியாக அனுப்பிப் பெற்ற காணொளியைத் தயவுசெய்து அளவீட்டுக்குப் பயன்படுத்த வேண்டாம். ஒரு மாணவர் அவ்வாறு அனுப்பிய கோப்புகளில் கப்பிக் குஞ்சுகள் பாதி நேரம் காணாமற்போனதற்கான காரணத்தைத் தேடி நான் இரண்டு நாள்களை இழந்தேன். சுருக்கப்பட்ட படத்தில் அவை தரையின் நிறத்தோடு கரைந்துவிட்டிருந்தன.

அறிகுறி: படத்தில் பட்டைகள் ஓடுகின்றன, தொட்டியெங்கும் பொய்ப்புள்ளிகள்

இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான விளக்குகள் வினாடிக்கு 100 முறை மினுக்கும். பிரேம் வீதத்தை 25 அல்லது 50 என்றும், ஷட்டரை ஐம்பதில் ஒன்று அல்லது நூறில் ஒன்று வினாடி என்றும் வைத்தால் பட்டைகள் நின்றுவிடும். பொய்ப்புள்ளிகள் நீரின் மேற்பரப்பில் மினுங்கினால் ஏரேட்டரையும் ஃபில்டரையும் சோதனை நேரத்தில் அணைத்துவையுங்கள். மின்விசிறிக் காற்றும் அலையெழுப்பும். மிதக்கும் குமிழி, தீவனத் துகள், மீனின் கழிவு ஆகியவற்றைப் பரப்பளவு வரம்பு கொண்டு வடிகட்டலாம். ஆனால் அந்த வரம்பே அடுத்த பிழைக்கு வாசல் திறக்கிறது.

அறிகுறி: பெரிய மீன்கள் எல்லாம் துணிச்சலானவை

உடல் அளவுக்கும் துணிச்சலுக்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கக்கூடும் என்பதால் இந்த அறிகுறி எளிதில் கண்ணில் படாமல் நழுவிவிடும். கப்பியில் பெண் பெரியது, ஆண் சிறியது. குறைந்தபட்சப் பரப்பளவு வரம்பைப் பெண்ணுக்கு ஏற்ப வைத்திருந்தால், ஆண் மீன் திரும்பும்போதும் உடலை வளைக்கும்போதும் வரம்புக்குக் கீழே போய்த் தடம் அறுகிறது. பின்பு அதை ‘ஆண்கள் அதிகம் உறைகின்றன’ என்று வாசித்துவிடுவோம். வரம்பை உங்கள் தொகுதியிலேயே மிகச் சிறிய மீனைக் கொண்டு நிர்ணயித்து, அதையே எல்லாக் காணொளிகளுக்கும் மாற்றாமல் பயன்படுத்துங்கள். வேகத்தை வினாடிக்கு இத்தனை சென்டிமீட்டர் என்பதோடு, வினாடிக்கு இத்தனை உடல்நீளம் என்றும் கணக்கிட்டுப் பாருங்கள். மூன்று சென்டிமீட்டர் மீனுக்கும் ஒன்றரை சென்டிமீட்டர் மீனுக்கும் ஒரே வேகம் ஒரே பொருளைத் தருவதில்லை. ‘சுவரோரம்’ என்ற பட்டையின் அகலத்தையும் உடல்நீளத்தில் வரையறுப்பதே பொருத்தம்.

நீளத்தை அளவிடும்போது அளவுகோலை வெற்றுத் தொட்டியின் அடியில் வைக்காமல், நீர் நிரப்பிய பிறகு நீருக்குள்ளேயே வைக்க வேண்டும். நீரின் ஒளிவிலகல் எண் 1.33 என்பதால் 10 சென்டிமீட்டர் ஆழம் மேலிருந்து 7.5 சென்டிமீட்டராகத் தெரியும். கேமரா நீர்ப்பரப்புக்கு ஒரு மீட்டர் மேலே இருந்தால், அடியில் நீந்தும் மீன் பரப்பருகே நீந்தும் மீனைவிட ஏறத்தாழ 7 விழுக்காடு சிறியதாகவும் அதே அளவு மெதுவானதாகவும் பதிவாகும். அடியில் பதுங்குவது கூச்ச மீன் என்பதால் பிழை மறுபடியும் ஒரு பக்கமாகவே சாய்கிறது. நீரை ஆழம் குறைத்தோ, கேமராவை உயர்த்தியோ இதை அடக்கலாம்.

அறிகுறி: மறைவிடத்திலிருந்து வெளிவர எடுக்கும் நேரத்தில் பாதி மீன்களுக்கு 600 என்ற எண்

சோதனை 10 நிமிடத்தோடு முடிந்ததால், வெளியே வராத மீன்களுக்கு மென்பொருள் 600 வினாடி என்று எழுதிவிடுகிறது. அது அளவீடன்று, ‘600க்குப் பிறகு எப்போதோ’ என்பதற்கான முற்றுப்பெறாத தகவல் மட்டுமே. அதைச் சாதாரண எண்ணாகக் கொண்டு சராசரி எடுத்தால் மிகக் கூச்சமான மீன்களுக்கிடையே உள்ள வேறுபாடு முழுவதும் அழிந்துவிடும். ஒரு நிகழ்வு நேர எவ்வளவு காலம் ஆகிறது என்பதை, அது இன்னும் நேராதவர்களையும் சேர்த்துக் கணக்கிடும், மருத்துவ ஆய்வுகளில் பயன்படும் காக்ஸ் மாதிரி போன்ற உயிர்பிழைப்புப் பகுப்பாய்வு இதற்கென்றே அமைந்தது. ஒவ்வொரு மீனும் பலமுறை சோதிக்கப்படுவதால் மீனின் அடையாளத்தை அதில் சமவாய்ப்பு விளைவாக (மீனுக்கு மீன் உள்ள வேறுபாட்டைத் தனியே பிரிக்கும் கூறாக) சேர்க்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, ஒரு மீன் ஒரு நிமிடத்தில் 40 முறை வெளியே வந்து உள்ளே போனதாகப் பதிவானால், அது வாசற்கோட்டின் மீதே நின்றுகொண்டிருக்கிறது. மையப்புள்ளியின் நடுக்கம் அதைக் கோட்டின் இருபுறமும் தள்ளிக்கொண்டிருக்கிறது. வெளியேறியதாகக் கொள்ள ஒரு கோடும், திரும்பியதாகக் கொள்ள அதிலிருந்து ஓர் உடல்நீளம் தள்ளி இன்னொரு கோடும் வரைந்தால் இது நின்றுவிடும்.

அறிகுறி: கூட்டமாகச் சோதித்தால் மீன்கள் எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன

இரண்டு மீன்கள் குறுக்கே கடந்து பிரியும்போது மென்பொருள் அவற்றின் பெயர்களை மாற்றிவிட்டால், அதன்பின் துணிந்த மீனின் கணக்கு கூச்ச மீனுக்கும், இதன் கணக்கு அதற்கும் போய்ச் சேரும். நீண்ட காணொளியில் இது பலமுறை நிகழ்ந்தால் எல்லோருடைய எண்களும் சராசரியை நோக்கி நகர்ந்து, தனிவேறுபாடு கரைந்துபோகும். 2014இல் வெளிவந்த ஐடி டிராக்கரும், அதன் வழித்தோன்றலாக 2019இல் வெளிவந்த ஐடிடிராக்கர்.ஏஐ மென்பொருளும் மீனின் தோற்றத்திலிருந்தே அடையாளத்தைக் கற்றுக்கொள்வதால், கடந்து பிரிந்த பிறகும் பெயரை மீட்டுத் தருகின்றன. ஆனால் ஒவ்வொரு மீனும் சில பத்துப் பிக்சல் நீளமாவது படத்தில் இருக்க வேண்டும், ஒளி சீராக இருக்க வேண்டும். டீப்லேப்கட் உடலின் புள்ளிகளை நுட்பமாகக் குறிக்கும் கருவி. அடையாளம் காப்பதற்கு அதை மட்டுமே நம்புவது எனக்கு உடன்பாடில்லை. தனிப்பண்பை அளப்பதே நோக்கம் என்றால், முடிந்தவரை ஒரு தொட்டிக்கு ஒரு மீன் என்று சோதித்து, கூடிவாழும் நாட்டத்தை மட்டும் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் கூட்டத்தை வைத்து அளப்பது இந்தத் தலைவலியையே இல்லாமல் ஆக்கிவிடும்.

அறிகுறி: இன்று துணிந்த மீன் அடுத்த வாரம் கூச்சப்படுகிறது

தடம் பிழையின்றி இருந்தும் எண் திரும்ப வரவில்லை என்றால், எதிர்பார்ப்பைச் சரிபார்த்துக்கொள்வது முதல் வேலை. மீன்களுக்கு இடையிலான வேறுபாட்டை மொத்த வேறுபாட்டால் வகுத்துக் கிடைக்கும் மறுநிகழ்தன்மை என்னும் அளவு, பெல் குழுவினர் 2009இல் பல உயிரினங்களின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சராசரியாக 0.37 அளவில்தான் இருந்தது. ஆகவே 0.3 என்று வந்தால் அது தோல்வியன்று. சுழியத்தை ஒட்டி வந்தால், முதற்சோதனையைத் தனியே பிரித்துப் பாருங்கள். புதிய தொட்டி முதல் நாளில் மட்டுமே புதியது, மூன்றாம் நாளில் அது பழகிய வீடு. சோதனையின் வரிசை எண்ணையும் நாளின் நேரத்தையும் நீரின் வெப்பத்தையும் புள்ளியியல் மாதிரியில் நிலைவிளைவுகளாக (எல்லா மீன்களையும் ஒரேபோல் பாதிக்கும் காரணிகளாக) சேர்த்துக்கொண்டு, ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் மறுநிகழ்தன்மையைக் கணக்கிடும் ஆர்பிடிஆர் தொகுப்பில் மறுபடி கணக்கிடுங்கள். ஒவ்வொரு மீனையும் ஒரே முறை சோதித்துவிட்டு ‘ஆளுமை’ என்று எழுதியிருந்தால், எந்த மென்பொருளாலும் அதைக் காப்பாற்ற முடியாது. சோதனைகளுக்கு இடையில் மீன்கள் பொதுத்தொட்டியில் கலந்து வாழ்ந்தனவென்றால், தோலுக்கடியில் இடும் வண்ண எலாஸ்டோமர் (ரப்பர் போன்ற பொருள்) குறியோ தனித்தொட்டியோ இல்லாமல், இன்றைய ஏழாம் எண் மீன்தான் சென்ற வார ஏழாம் எண் என்பதற்கு உறுதியில்லை.

அறிகுறி: மறுநிகழ்தன்மை 0.8க்கு மேல், மகிழ்ச்சி அளவுக்கு மேல்

நல்ல செய்தியாகத் தோன்றும் இந்த அறிகுறிதான் என்னை அதிகம் கலங்கவைக்கிறது. நான்கு தொட்டிகளை நான்கு கேமராக்களின் கீழே வைத்து, வசதிக்காக ஒவ்வொரு மீனையும் ஒவ்வொரு முறையும் அதே தொட்டியில் விட்டிருந்தால், தொட்டியின் வெளிச்சமும் கேமராவின் சாய்வும் கதவருகே நடமாடுபவரின் நிழலும் அந்த மீனின் ‘பண்பாக’ மாறிவிடும். உண்மையான தனிவேறுபாடு இருக்கிறது என்பதில் ஐயமில்லை. 2017இல் பியர்பாக், லஸ்கோவ்ஸ்கி, வுல்ஃப் ஆகியோர், தாயின் நகலாகவே பிறக்கும் அமேசான் மோலி மீன்களை ஏறத்தாழ ஒரே சூழலில் தனித்தனியே வளர்த்தும், அவை நிலையான நடத்தை வேறுபாடுகளைக் காட்டுவதைக் கண்டனர். அவ்வகை முடிவுக்கு வலு சேர்ப்பதே, வேறுபாட்டை வேறு எதன்மீதும் சுமத்த முடியாதபடி சூழலை அவர்கள் ஒன்றாக வைத்திருந்ததுதான்.

ஆகையால் தொட்டியின் எண்ணை மாதிரியில் ஒரு சமவாய்ப்பு விளைவாகச் சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு மீனும் ஒரே தொட்டியிலேயே சோதிக்கப்பட்டிருந்தால், ஒரு தொட்டிக்குப் பல மீன்கள் இருக்கும்வரை கணக்கு ஓரளவு பிரித்துக்காட்டும். ஒரு தொட்டிக்கு ஒரே மீன் என்றால் இரண்டையும் பிரிக்கவே வழியில்லை. அப்போது செய்யக்கூடியது ஒன்றே: மீன்களைச் சீட்டுக் குலுக்கித் தொட்டி மாற்றி, இன்னும் இரண்டு சுற்றுச் சோதனை நடத்துங்கள். எண் மீனோடு சேர்ந்து அடுத்த தொட்டிக்குப் போகிறதா, பழைய தொட்டியிலேயே தங்கிவிடுகிறதா என்பது அந்த இரண்டு சுற்றுகளிலேயே தெரிந்துவிடும்.